சியாட்டில் போர்ட் டிசில என்னதான் கேக்குது? பெடரல் லாபியிங் லிஸ்ட்டை படிக்கக் கத்துக்கறவங்களுக்கு ஒரு கைடு

போர்ட் ஆஃப் சியாட்டில் வருஷா வருஷம் பெடரல் லெஜிஸ்லேட்டிவ் அஜெண்டான்னு ஒரு டாக்குமெண்ட் போடும். தலைநகர் வாஷிங்டன் டிசில இருக்குற காங்கிரஸ்கிட்டயும் (அதாவது அமெரிக்க பார்லிமெண்ட்), பெடரல் அதாவது மத்திய அரசு டிபார்ட்மெண்ட்கள்கிட்டயும் இந்த வருஷம் நாங்க இதெல்லாம் கேக்கப் போறோம்னு சொல்ற லிஸ்ட் அது. இந்த ஏரியாவுக்கு புதுசா குடிவந்தவங்க, ஏர்போர்ட் ஷிப்பிங் லாஜிஸ்டிக்ஸ் வேலைல இப்பதான் சேர்ந்தவங்க, பப்ளிக் பாலிசி படிக்கிற பசங்க, இவங்கள்ல யாரு அதைத் திறந்தாலும் முதல் பக்கத்துலயே தலை சுத்தும், ஏன்னா முழுக்க சட்டத்தோட பேரும் சுருக்கெழுத்தும்தான் இருக்கும், விளக்கம் இருக்காது. ஆனா நம்ம டிக்கெட் விலை, வீட்டு மேல பறக்குற ஃப்ளைட், இமிக்ரேஷன் க்யூ, கடைக்கு வர்ற சாமான் எல்லாமே அதுக்குள்ள இருக்கு, அதனால இதைப் படிக்கத் தெரிஞ்சுக்கறது வீண் வேலை இல்லைங்க.

படிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. போர்ட் தானே முடிவு பண்ணக்கூடிய எதுவும் அந்த லிஸ்ட்ல வராது. பார்க்கிங் ரேட், கடை வாடகை, புது கேட் எங்க கட்டறதுங்கறதெல்லாம் கமிஷன் மீட்டிங்லயே முடிஞ்சுடும். தன் கையில அதிகாரம் இல்லாததை மட்டும்தான் டிசிக்கு எடுத்துட்டுப் போவாங்க. அதனால ஒவ்வொரு வரியையும் படிக்கும்போது "இதுக்கு சாவி யார் கையில இருக்கு?"ன்னு கேட்டுட்டே படிங்க, பாதி புரிஞ்சுடும்.

முதல்ல போர்ட்னா யாருன்னு தெரிஞ்சுக்கோங்க

இது சிட்டி கவர்மெண்டும் கிடையாது, ஸ்டேட் கவர்மெண்டும் கிடையாது. 1911-ல கிங் கவுண்டி மக்கள் ஓட்டுப் போட்டு உண்டாக்கின தனி அமைப்பு. அஞ்சு கமிஷனர்கள், நாலு வருஷ பதவி, கவுண்டி முழுக்க இருக்குறவங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பாங்க, பெல்வியூல இருந்தாலும் கென்ட்ல இருந்தாலும் ஓட்டுரிமை இருந்தா உங்களுக்கும் அதுல ஓட்டு உண்டு. வீட்டுக்கு வர்ற ப்ராப்பர்ட்டி டாக்ஸ் பில்லைப் பாருங்க, போர்ட்டுக்குன்னு ஒரு சின்னத் தொகை தனியா இருக்கும்.

ஏர்போர்ட்டும் கடலும் ஒரே கையில இருக்கறது இங்க உள்ள விசேஷம். சீ-டாக் ஏர்போர்ட் இவங்களோடது, அலாஸ்கா க்ரூஸ் கப்பல் கிளம்புற பியர் 66, பியர் 91 இவங்களோடது, அலாஸ்கா கடல்ல மீன்பிடிக்கப் போற படகுகள் நிக்கிற ஃபிஷர்மென்ஸ் டெர்மினலும் இவங்களோடதுதான். கண்டெய்னர் பிசினஸை மட்டும் 2015-ல டகோமா போர்ட்டோட சேர்ந்து நார்த்வெஸ்ட் சீபோர்ட் அலையன்ஸ்னு ஒரே குடையில கொண்டு வந்துட்டாங்க, அதுவரைக்கும் ரெண்டு ஊரும் பக்கத்துப் பக்கத்துல இருந்துக்கிட்டு ஒருத்தர் கஸ்டமரை ஒருத்தர் இழுத்துட்டு இருந்தாங்க. எல்லா ஊர்லயும் இப்படி இருக்காது. லாஸ் ஏஞ்சலஸ்ல துறைமுகம் தனி டிபார்ட்மெண்ட், ஏர்போர்ட் தனி டிபார்ட்மெண்ட், அதனால அந்த ஊர் துறைமுகத்தோட லிஸ்ட்ல விமானம் பத்தி தேடினீங்கன்னா கிடைக்காது. நியூயார்க் நியூஜெர்சி போர்ட் அத்தாரிட்டி 1921-லேர்ந்தே ரெண்டு ஸ்டேட்டுக்கும் பொது, பாஸ்டன்ல மாஸ்போர்ட்டும் ரெண்டையும் சேர்த்து வெச்சிருக்கு. நீங்க வேற ஊர்ல இருந்தீங்கன்னா உங்க ஊர் அமைப்பு எந்த வகைன்னு முதல்ல பாத்துக்கோங்க, மத்தபடி கீழ சொல்ற முறை எல்லாத்துக்கும் பொருந்தும்.

அடுத்தது, உங்க சொந்த டிக்கெட்டை எடுங்க

விமானம் சம்பந்தப்பட்ட கோரிக்கைகளைப் புரிஞ்சுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியல. ஊருக்குப் போக வாங்கின இ-டிக்கெட் மெயில்ல கிடக்கும், சியாட்டில்லேர்ந்து துபாய் வழியா சென்னைன்னு வெச்சுக்கலாம், அதுல கடைசில டாக்ஸ் விவரம் இருக்குற இடத்துக்குப் போங்க. ரெண்டு ரெண்டு எழுத்தா கோட் போட்டிருக்கும். எக்ஸ்எஃப்னு ஒண்ணு, பக்கத்துல எஸ்இஏ 4.5-ன்னு இருக்கும். அதுதான் பேசஞ்சர் ஃபெசிலிட்டி சார்ஜ், சீ-டாக்ல ஏறுனதுக்கு நீங்க குடுத்த நாலரை டாலர். அது ஏர்லைன்ஸ்க்கு இல்ல, போர்ட்டுக்குப் போய், எஃப்ஏஏ (விமானப் போக்குவரத்தைப் பாத்துக்கற பெடரல் அமைப்பு) அனுமதிச்ச ஏர்போர்ட் கட்டுமான வேலைகளுக்கு மட்டும்தான் செலவாகணும்.

இந்த நாலரை டாலர்ங்கற உச்சவரம்பை காங்கிரஸ் 2000-ல வெச்சுது. அதுக்கப்புறம் ஒரு சென்ட் கூட ஏத்தல. அப்ப நாலரை டாலருக்கு முடிஞ்ச வேலைக்கு இன்னைக்கு எட்டு டாலருக்கு மேல ஆகும், சிமெண்ட் ஏறிடுச்சு கூலி ஏறிடுச்சு ஆனா வசூல் மட்டும் அதே இடத்துல நிக்குது. அதனால நாடு முழுக்க இருக்குற ஏர்போர்ட்டுகள் எல்லாம் வருஷா வருஷம் இந்த வரம்பை ஏத்துங்கன்னு கேக்குது. ஏர்லைன்ஸ்களோ கூடாதுன்னு எதிர்த்து நிக்குது, டிக்கெட் விலை கூடுனா கூட்டம் குறையும், ஏர்போர்ட்டுகளுக்கு ஏற்கனவே பாண்டு போட்டு கடன் வாங்கற வசதி இருக்குன்னு அவங்க வாதம். 2024 மே 16-ல கையெழுத்தான எஃப்ஏஏ ரீஆத்தரைசேஷன் சட்டத்துலயும் (எஃப்ஏஏவுக்கான சட்டத்தை சில வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கறது) இந்த நாலரை அப்படியேதான் இருந்துச்சு. அதுக்கு பதிலா ஏஐபின்னு சொல்ற ஏர்போர்ட் மானியத்தை வருஷத்துக்கு 335 கோடி டாலர்லேர்ந்து 400 கோடி டாலரா ஏத்துனாங்க. கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா சீ-டாக் மாதிரி பெரிய ஏர்போர்ட் நாலரை டாலர் வசூல் பண்ணணும்னா, தனக்கு தானா வரவேண்டிய ஏஐபி பங்குல 60 சதவீதத்தை (2024 சட்டத்துக்கு முன்னாடி 75) விட்டுக் குடுக்கணும்னு சட்டத்துலயே இருக்கு. அதனால ஏஐபி ஏறினா சின்ன ஊர் ஏர்போர்ட்டுகளுக்குத்தான் பெரிய லாபம். இதை ஏன் இவ்வளவு விலாவாரியா சொல்றேன்னா, "ஏர்போர்ட்டுக்கு காசு ஏறிடுச்சு"ன்னு நியூஸ்ல ஒரு வரி பாத்துட்டு அப்புறம் ஏன் திரும்ப கேக்கறாங்கன்னு பலபேர் குழம்பறாங்க.

அதே டிக்கெட்ல ஏஒய்-ன்னு இன்னொரு கோட், 5.60 டாலர். 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு அப்புறம் வந்த செக்யூரிட்டி ஃபீஸ் இது, 2014-லேர்ந்து ஒரு வழிப் பயணத்துக்கு இந்த ரேட். நம்ம பையை ஸ்கேன் பண்றதுக்குன்னு குடுக்கற காசு, ஆனா 2013-ல போட்ட ஒரு பட்ஜெட் சட்டத்தால அதுல ஒரு பங்கு செக்யூரிட்டிக்குப் போகாம கவர்மெண்டோட பற்றாக்குறையை அடைக்கப் போகுது. அதை நிறுத்தி முழுசையும் ஏர்போர்ட் செக்யூரிட்டியைப் பாக்கற டிஎஸ்ஏவுக்கே குடுங்கங்கறது ஏர்போர்ட்டுகளோட பழைய கோரிக்கை. நான் இதுல முழுசா ஏர்போர்ட் பக்கம்தான். காலைல அஞ்சு மணிக்கு சீ-டாக் செக்யூரிட்டி லைன் பார்க்கிங் கராஜ் வரைக்கும் நீண்டு நிக்கிறதைப் பாத்தவங்க யாரும் வேற மாதிரி சொல்ல மாட்டாங்க.

இதோட சேர்த்துப் பாக்கவேண்டியது ஏர்போர்ட்டோட சைஸ். சீ-டாக் மொத்தமே சுமார் 2,500 ஏக்கர்தான், டென்வர் ஏர்போர்ட் 33,000 ஏக்கருக்கு மேல. இந்த 2,500 ஏக்கர்ல மூணு ரன்வேயை வெச்சுக்கிட்டு 2024-ல 5 கோடியே 20 லட்சம் பேருக்கு மேல வந்து போயிருக்காங்க. இடம் வாங்கி விரிக்க வழி இல்ல, சுத்தி வீடு. அதனால இருக்கறதையே இடிச்சு இடிச்சு கட்டணும், அதுக்குத்தான் காசு காசுன்னு ஒவ்வொரு வருஷமும் முதல் பக்கத்துல வருது.

இமிக்ரேஷன் விஷயமும் இப்படித்தான். 2022-ல கிட்டத்தட்ட 100 கோடி டாலர் செலவுல புது இன்டர்நேஷனல் அரைவல்ஸ் கட்டிடம் திறந்தாங்க, ஃப்ளைட் போற பாதைக்கு மேலயே 780 அடி நீளத்துக்கு ஒரு நடைபாலம், இறங்கி நடந்து வரும்போது கீழ விமானம் ஊர்ந்து போறது தெரியும். கட்டிடம் போர்ட்டோடது. ஆனா கவுண்டர்ல உக்கார்ற ஆபீசர் சிபிபி ஆளு (கஸ்டம்ஸும் எல்லைப் பாதுகாப்பும் பாக்கற பெடரல் அமைப்பு), அவரை வேலைக்கு எடுக்கறதும் எத்தனை பேரை எந்த ஊருக்கு அனுப்பறதுங்கறதும் டிசி முடிவு. எவ்வளவு பெரிய ஹால் கட்டினாலும் பாதி பூத் காலியா இருந்தா அம்மா அப்பா வீல்சேர்ல ரெண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியதுதான். சிபிபி ஆட்களைக் கூட்டுங்கன்னு லிஸ்ட்ல வர்ற வரிக்கு இதுதான் அர்த்தம்.

கடல் பக்கம் வந்தா: 125 டாலர் கணக்கு

இங்க புரிஞ்சுக்க வேண்டிய பெரிய விஷயம் ஹார்பர் மெயின்டெனன்ஸ் டாக்ஸ். 1986-ல வந்த வரி. கப்பல்ல வந்து இறங்குற இறக்குமதி சரக்கோட மதிப்புல 0.125 சதவீதம். ஒரு கண்டெய்னர்ல ஒரு லட்சம் டாலர் சாமான் இருந்தா 125 டாலர். ஏற்றுமதிக்கும் சேர்த்துதான் ஆரம்பத்துல வசூலிச்சாங்க, ஏற்றுமதிக்கு வரி போட அரசியல் சட்டத்துல இடமில்லைன்னு சுப்ரீம் கோர்ட் 1998-ல சொல்லிடுச்சு. இந்த வரிக்காசு எதுக்குன்னா துறைமுகத்துல சேரும் மண்ணை தூர்வாரி ஆழத்தைப் பராமரிக்க.

சியாட்டிலுக்கும் டகோமாவுக்கும் இதுல ரெண்டு வருத்தம். இந்த ரெண்டு துறைமுகமும் இருக்குற பியூஜெட் சவுண்ட்ங்கற கடல் பகுதி இயற்கையாவே ஆழம், தூர்வார வேண்டிய வேலை ரொம்பக் கம்மி, அதனால இங்க வசூலாகற காசு பெரும்பாலும் வேற ஊர் ஆத்து முகத்துவாரத்துக்குப் போயிடும். இப்படி குடுக்கறது அதிகம் வாங்கறது கம்மின்னு இருக்குற துறைமுகங்களுக்கு டோனர் போர்ட்னு பேரு. லிஸ்ட்ல அந்த வார்த்தை வந்தா இந்தக் கதைதான்னு எடுத்துக்கோங்க. ரெண்டாவது வருத்தம் இன்னும் பெருசு. இங்கேர்ந்து வடக்க கார்ல ரெண்டரை மணி நேரம் போனா கனடாவோட வான்கூவர் துறைமுகம், அதுக்கும் மேல ப்ரின்ஸ் ரூப்பர்ட், அங்க 2007-ல கண்டெய்னர் டெர்மினல் திறந்து நேரா சிகாகோவுக்கு ரயில் விட்டுட்டாங்க. அங்க இறங்கி ரயில்ல அமெரிக்காவுக்குள்ள வர்ற கண்டெய்னருக்கு இந்த வரி கிடையாது, ஏன்னா அது தரை வழியா வருது. ஒரு கண்டெய்னருக்கு 125 டாலர்னா பெருசா தெரியாது, ஆயிரக்கணக்குல அனுப்பற கம்பெனிக்கு வழியை மாத்திக்க அது ஒரு காரணம் ஆகிடும். இங்க கப்பல் குறைஞ்சா சரக்கு ஏத்தி இறக்கற லாங்ஷோர் தொழிலாளிக்கு வேலை குறையும், ட்ரக் ஓட்டறவருக்கு ட்ரிப் குறையும்.

2020-ல ரெண்டு சட்டம் வழியா கொஞ்சம் நியாயம் கிடைச்சுது. சேர்ந்து கிடந்த காசை செலவு பண்றதுக்கு வழி திறந்தாங்க, டோனர் போர்ட்டுகளுக்கு ஒரு பங்குன்னும் எழுதினாங்க. ஆனா எழுதினது வந்து சேருதான்னு வருஷா வருஷம் பட்ஜெட்ல பாத்துட்டே இருக்கணும், அதனாலதான் ஜெயிச்ச விஷயமே திரும்பத் திரும்ப லிஸ்ட்ல வருது.

பெரிய கப்பலுக்காக சியாட்டில் ஹார்பரை 57 அடி வரைக்கும் ஆழப்படுத்தற திட்டமும் இருக்கு. 2018-ல டபிள்யூஆர்டிஏங்கற நீர்வள மேம்பாட்டு சட்டத்துல அதுக்கு ஆத்தரைசேஷன் கிடைச்சுது. கிடைச்சுதுன்னா வேலை நடக்கும்னு அர்த்தம் இல்ல. நம்ம ஊர்ல வீடு கட்ட பிளான் அப்ரூவல் வாங்கறது வேற, பேங்க்ல லோன் வாங்கறது வேற இல்லையா, இங்கயும் அனுமதி குடுக்கற ஆத்தரைசேஷன் ஒரு கதவு, காசு ஒதுக்கற அப்ரோப்ரியேஷன் இன்னொரு கதவு. ரெண்டும் வேற கமிட்டி, வேற மாசம், வேற சண்டை. இந்த வித்தியாசம் பிடிபட்டுட்டா லிஸ்ட்டை நீங்களே பிரிச்சுப் படிச்சுடலாம்.

எந்தக் கதவை யார் திறக்கறாங்க

எல்லா எம்பியும் எல்லாத்தையும் செய்ய முடியாது, கமிட்டியைப் பாருங்க. இந்த விஷயத்துல வாஷிங்டன் ஸ்டேட்டுக்கு யோகம்னே சொல்லணும். செனட்டர் மரியா கேன்ட்வெல் 2021 தொடங்கி நாலு வருஷம் செனட் காமர்ஸ் கமிட்டி தலைவர், அப்புறம் எதிர்க்கட்சித் தரப்புல அதே கமிட்டிக்கு தலைமை. விமானம், கடல், கோஸ்ட் கார்டு எல்லாம் அந்தக் கமிட்டி வழியாதான் போகும். செனட்டர் பாட்டி மர்ரே 2023-லேர்ந்து ரெண்டு வருஷம் அப்ரோப்ரியேஷன்ஸ் கமிட்டி தலைவர், அப்புறம் துணைத் தலைவர், அது காசுக் கதவு. ஹவுஸ்ல, அதாவது கீழவைல, ரிக் லார்சன் 2023-லேர்ந்து ட்ரான்ஸ்போர்ட்டேஷன் கமிட்டில டெமாக்ரடிக் கட்சிக்குத் தலைமை. ஏர்போர்ட்டை சுத்தியிருக்குற ஊர்களுக்கு எம்பி ஆடம் ஸ்மித். போர்ட் ஆளுங்க டிசி போகும்போது முதல்ல கதவைத் தட்டறது இந்த ஆபீஸ்களைத்தான்.

காலண்டரும் முக்கியம். பெடரல் நிதியாண்டு அக்டோபர் 1-ல ஆரம்பிக்கும். ஜனாதிபதியோட பட்ஜெட் பிப்ரவரில வரணும், பல வருஷம் தள்ளிப் போகும். வசந்த காலத்துல எம்பிக்கள் தங்களோட தொகுதிக்கான தனித் திட்டங்களை கேட்டு வாங்குவாங்க, கோடைல கமிட்டி வேலை நடக்கும், ஆகஸ்ட்ல எல்லாரும் ஊருக்கு வந்துடுவாங்க, அப்ப போர்ட் அவங்களைக் கூப்பிட்டு டெர்மினலை சுத்திக் காட்டும். டபிள்யூஆர்டிஏ ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, 2018, 2020, 2022, 2024-ன்னு போயிட்டு இருக்கு. எஃப்ஏஏ சட்டம் இப்ப இருக்கறது 2028 நிதியாண்டு வரைக்கும். 2021 நவம்பர்ல வந்த இன்ஃப்ராஸ்ட்ரக்சர் சட்டம் ஏர்போர்ட்டுகளுக்கும் எஃப்ஏஏவோட ஏர் ட்ராஃபிக் கன்ட்ரோல் வசதிகளுக்கும் சேர்த்து அஞ்சு வருஷத்துல 2,500 கோடி டாலர், துறைமுக மானியத்துக்கு 225 கோடி டாலர்னு ஒதுக்குச்சு, அதோட அஞ்சு வருஷம் 2026 செப்டம்பர் 30-ல முடியற மாதிரி எழுதின சட்டம். ஒரு கோரிக்கை பக்கத்துல எந்த சட்டம்னு பாத்து அந்த சட்டம் எப்ப புதுப்பிக்கணும்னு எழுதி வெச்சுக்கோங்க, இந்த வருஷம் அது நிஜமாவே நகருமா இல்ல சும்மா இடம் பிடிச்சு வெச்சிருக்காங்களான்னு தெரிஞ்சுடும்.

காசே இல்லாத கோரிக்கைகளை விட்டுடாதீங்க

என்னைக் கேட்டா இங்கதான் மக்களோட வாழ்க்கை இருக்கு. பியூரியன், டி மாய்ன்ஸ், சீ-டாக் ஊர்கள்ல இருக்கறவங்க ராத்திரி சத்தத்துக்கு போர்ட் கமிஷனர்களைத் திட்டறாங்க, அந்தக் கோபம் முழுக்க நியாயம், ஆனா 1990-ல வந்த சத்தம் சம்பந்தப்பட்ட ஒரு பெடரல் சட்டப்படி எஃப்ஏஏ அனுமதி இல்லாம எந்த ஏர்போர்ட்டும் ராத்திரி ஃப்ளைட்டுக்கு தடை போட முடியாது. எந்தப் பாதைல பறக்கணும்னு சொல்றதும் எஃப்ஏஏதான். போர்ட்டால முடிஞ்சது, நள்ளிரவுலேர்ந்து காலைல அஞ்சு வரைக்கும் சத்தம் கம்மியா வர்ற விமானத்தை விடுங்கன்னு ஏர்லைன்ஸ்கிட்ட கேக்கற ஒரு வாலண்டரி ஏற்பாடு, அவ்வளவுதான்.

சத்தத் தடுப்பு ஜன்னல் விஷயத்தைக் கொஞ்சம் உத்துப் பாக்கலாம். 1980-கள்லேர்ந்து போர்ட் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு ரெட்டைக் கண்ணாடி ஜன்னல், கனமான கதவு போட்டுக் குடுத்திருக்கு. அந்த ஜன்னலுக்கும் வயசாகுமே. சீல் விட்டுப்போச்சுன்னா ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல ஈரம் புகுந்து வெள்ளையா பனி படிஞ்ச மாதிரி ஆகிடும், வெளிய இருந்து துடைச்சாலும் போகாது உள்ள இருந்து துடைச்சாலும் போகாது, ஜன்னல் ஃப்ரேம் ஊதிப்போய் பூஞ்சை வரும், சத்தமும் பழையபடி உள்ள வரும். ஆனா எஃப்ஏஏ விதிப்படி ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான் பெடரல் காசு. பழுதாகிடுச்சுன்னு போனா நீங்க ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னு பதில் வரும். இதை மாத்தி, பழுதான வீட்டுக்கு ரெண்டாவது தடவையும் செய்யலாம்னு ஆடம் ஸ்மித் மசோதா கொண்டு வந்தாரு, போர்ட்டும் அதுக்குத் துணை நிக்குது. லிஸ்ட்ல ரெண்டே வரியா இருக்கும், அந்த ரெண்டு வரிக்குப் பின்னாடி வருஷக்கணக்கா ஜன்னல் வழியா வெளிய பாக்க முடியாம இருக்குற குடும்பங்கள் இருக்கு. விமானப் பாதைக்குக் கீழ காத்துல ரொம்ப நுண்ணிய துகள்கள் இருக்கறதை யுனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டன் 2019-ல வெளியிட்ட ஆய்வுல காட்டியிருக்காங்க, அதைப் பத்தின ஆராய்ச்சிக்கான ஆதரவையும் இங்கயே தேடுங்க.

க்ரூஸ் விஷயத்துல 1886-ல வந்த ஒரு பயணிகள் கப்பல் சட்டம் வரும். வெளிநாட்டுக் கொடி வெச்ச கப்பல் அமெரிக்க ஊர்லேர்ந்து இன்னொரு அமெரிக்க ஊருக்கு நேரா ஆளை ஏத்திட்டுப் போகக்கூடாது, சுத்திட்டு கிளம்பின ஊருக்கே திரும்பற பயணம்னாலும் நடுவுல ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொடணும். சியாட்டில்லேர்ந்து அலாஸ்கா போற கப்பல் கடைசி நாள் சாயங்காலம் கனடாவோட விக்டோரியால கொஞ்ச நேரம் நிக்கிறது இதுக்காகத்தான். கோவிட் சமயத்துல கனடா துறைமுகங்களை மூடினதும் அலாஸ்கா க்ரூஸ் மொத்தமா நின்னுபோச்சு, அலாஸ்கால இருக்குற சின்ன ஊர்க் கடைகள் எல்லாம் தவிச்சுப் போச்சு. 2021 மேல காங்கிரஸ் தற்காலிகமா ஒரு விலக்கு சட்டம் போட்டு சீசனைக் காப்பாத்துச்சு. வழக்கமா வருஷக்கணக்கா இழுக்கற இடத்துல இவ்வளவு வேகமா நடந்ததுக்குக் காரணம், ரெண்டு கட்சி செனட்டர்களும் கப்பல் கம்பெனிகளும் துறைமுகங்களும் ஊர்களும் ஒரே குரல்ல கேட்டது.

வணிகத்துக்கு நம்ம பக்கத்து உதாரணமே இருக்கு. சென்னைல பழக்கடைல சின்ன ஸ்டிக்கரோட விக்கிற வாஷிங்டன் ஆப்பிள் இந்த ஸ்டேட்ல விளையறதுதான். அமெரிக்கா ஸ்டீல் அலுமினியத்துக்கு வரி போட்டதுக்குப் பதிலா இந்தியா 2019 ஜூன்ல அமெரிக்க ஆப்பிளுக்கு ஏற்கனவே இருந்த 50 சதவீதத்துக்கு மேல இன்னொரு 20 சதவீதம் போட்டுச்சு, ஏற்றுமதி பெருசா சரிஞ்சுது, 2023 செப்டம்பர்லதான் அந்த 20-ஐ எடுத்தாங்க. அதுக்கு கேன்ட்வெல் ஆபீஸ் நிறைய மெனக்கெட்டுது. துறைமுகம் ஏன் ஆப்பிள் வரி பத்தி பேசுதுன்னு கேட்டா, ஆப்பிள் விக்கலைன்னா கண்டெய்னர் காலியாதான் திரும்பிப் போகும்.

சைபர் செக்யூரிட்டியும் இப்ப இதுல ஒரு பெரிய தலைப்பு. 2024 ஆகஸ்ட் 24-ல போர்ட்டோட கம்ப்யூட்டர்களை ரான்சம்வேர் ஆளுங்க தாக்கினாங்க, சீ-டாக்ல டிஸ்ப்ளே போர்டெல்லாம் அணைஞ்சுபோய் கேட்ல கையால எழுதி வெச்சாங்க, பெட்டியைக் கையால பிரிச்சு அனுப்பினாங்க. 100 பிட்காயின் கேட்டதுக்கு போர்ட் குடுக்க மாட்டோம்னு சொல்லிடுச்சு. நல்ல முடிவு அது.

யாரு காசு வாங்கிட்டு பேசறாங்கன்னு பாருங்க

1995 லாபியிங் டிஸ்க்ளோஷர் சட்டப்படி காசு வாங்கி லாபி பண்றவங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவை எல்டி-2-ன்னு ஒரு ரிப்போர்ட் குடுக்கணும். ஏப்ரல் 20, ஜூலை 20, அக்டோபர் 20, ஜனவரி 20 கடைசி நாள். செனட்டோட டிஸ்க்ளோஷர் சைட்ல யார் வேணா இலவசமா தேடலாம். இங்க புதுசா வர்றவங்களுக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கு. போர்ட்டோட சொந்த ஊழியரும் கமிஷனரும் பொது அதிகாரிங்க, அவங்க தங்களோட வேலையா போய் எம்பியைப் பாத்தா அந்த சட்டத்துல அது லாபியிங் கணக்குல வராது. அதனால போர்ட் பேரை பதிவு பண்ணவங்க இடத்துல தேடினா ஒண்ணும் சிக்காம போகலாம். க்ளையண்ட்ங்கற இடத்துல போர்ட் பேரைப் போடுங்க, போர்ட் வெச்சிருக்குற வெளி கம்பெனியோட ரிப்போர்ட் வரும். அந்த காலாண்டுல எவ்வளவு வாங்கினாங்க, எந்த மசோதா, எந்த ஏஜென்சின்னு இருக்கும், தொகையை பத்தாயிரத்துக்கு ரவுண்டு பண்ணிதான் போட்டிருப்பாங்க. இதையும் போர்ட்டோட லிஸ்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. பேப்பர்ல முதல் பக்கத்துல இருக்குறதும், நிஜமா காசு குடுத்து பேச வெக்கறதும் எங்கெங்க ஒத்துப்போகுது, எது பேருக்கு மட்டும் இருக்குன்னு தெரியும். அப்படியே எதிர்த்தரப்பையும் தேடுங்க, ஏர்லைன்ஸ் சங்கத்தோட ரிப்போர்ட்ல அதே பேசஞ்சர் ஃபெசிலிட்டி சார்ஜ் இருக்கும்.

கடைசியா, நீங்க பேசற இடங்கள்

கமிஷன் மீட்டிங் பொதுவா மாசத்துல ரெண்டு செவ்வாய்க்கிழமை நடக்கும், முன்னாடியே பேர் குடுத்தா நேர்லயோ போன்லயோ பேசலாம். அஜெண்டாவை ஓட்டுக்கு விடறதுக்கு முன்னாடி நடக்கற மீட்டிங்ல பேசினாதான் பிரயோஜனம், அது பெரும்பாலும் குளிர்கால மாசங்கள்ல வரும்.

ரெண்டாவது இடம் பெடரல் ஏஜென்சிகள் கருத்து கேக்கும்போது. இதை சும்மா சம்பிரதாயம்னு நினைக்காதீங்க. 2025 பிப்ரவரில சீனால கட்டின கப்பல்களுக்கு ஃபீஸ் போடறோம்னு யுஎஸ்டிஆர் (அமெரிக்காவோட வெளிநாட்டு வணிகத்தைப் பாக்கற பெடரல் ஆபீஸ்) ஒரு திட்டம் வெளியிட்டுச்சு, முதல் வடிவத்துல ஒவ்வொரு அமெரிக்கத் துறைமுகத்தைத் தொடும்போதும் தனித்தனியா கட்டணும், 15 லட்சம் டாலர் வரைக்கும். அப்படி வந்திருந்தா கப்பல்கள் லாஸ் ஏஞ்சலஸ்ல மொத்தத்தையும் இறக்கிட்டு ஓக்லண்ட், சியாட்டில், டகோமா பக்கமே வராம போயிருக்கும். துறைமுகங்கள், விவசாயிகள், ஏற்றுமதி பண்றவங்கன்னு நிறையபேர் எழுதினாங்க, மார்ச்ல ஹியரிங்ல போய் பேசினாங்க. ஏப்ரல்ல வந்த திருத்தின வடிவத்துல துறைமுகத்துக்கு ஒண்ணுன்னு இல்லாம ஒரு பயணத்துக்கு ஒரு தடவைன்னு மாறிடுச்சு. அக்டோபர் 14-ல அமலுக்கு வந்து, சீனாவோட ஒப்பந்தம் ஆனதும் நவம்பர் 10-லேர்ந்து ஒரு வருஷத்துக்கு நிறுத்தியும் வெச்சாங்க. கருத்து எழுதும்போது ஆதரிக்கிறேன் எதிர்க்கிறேன்னு மட்டும் எழுதாம உங்க தொழில்ல இதனால என்ன செலவு மாறும், எந்த சாமான் எந்த வழில வருதுன்னு எழுதுங்க, படிக்கறவங்களுக்கு அதுதான் வேணும்.

மூணாவது, உங்க எம்பி ஆபீஸ். சிட்டிசனா இல்லாட்டியும் அந்தத் தொகுதில குடியிருந்தா பேசலாம். போன் பண்ணி ட்ரான்ஸ்போர்ட்டேஷன் பாக்கற ஸ்டாஃப் யாருன்னு கேளுங்க, உங்க ஜிப் கோடு, மசோதா பேரு, உங்க வீட்டுல இல்ல வேலைல என்ன நடக்குதுங்கறது, இது மூணும் சொன்னாப் போதும், அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும். 2021-லேர்ந்து திரும்ப வந்திருக்குற கம்யூனிட்டி ப்ராஜெக்ட் ஃபண்டிங்ல (மேல சொன்ன, எம்பி தன் தொகுதித் திட்டத்துக்குக் கேட்டு வாங்கற காசு) பொது அமைப்புகளும் லாப நோக்கமில்லாத அமைப்புகளும்தான் விண்ணப்பிக்க முடியும், தனி ஆளால முடியாது, ஆனா ஊர் மக்கள் ஆதரவு இருக்குன்னு விண்ணப்பத்தோட ஆதாரம் காட்டணும். உங்க லெட்டர் அங்க சேரும். ஒவ்வொரு ஆபீஸும் தனித்தனியா கடைசி தேதி வெக்கறாங்க, அதனால பிப்ரவரி கடைசிலேர்ந்தே அவங்க சைட்டை வாரத்துக்கு ஒரு தடவை பாத்துக்கோங்க, லெட்டரை அதுக்கு முன்னாடியே போர்ட்டோட கவர்மெண்ட் ரிலேஷன்ஸ் ஆபீஸுக்கு அனுப்பி வெச்சுடுங்க.